யாழ்ப்பாணத்திலிருந்து ஒலி நாடகம் எழுதித் தயாரிப்பது: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒலி நாடகம் செய்யவேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான். அது ஆறாவது வேலை. அதற்கு முந்திய ஐந்தையும் ஒழுங்காக முடித்தவருக்குச் சாதாரண மைக்கே போதும். முடிக்காதவருக்கு விலை கூடிய மைக்கும் உதவாது. இங்கே நாடகங்கள் பாதியில் நிற்பதற்கு வழமையான காரணங்கள் வேறு. பதிவு முடிந்த பிறகு பிரதியை மாற்றச் சொல்வார்கள். நடித்தவர் எழுத்தில் சம்மதம் தந்திருக்கமாட்டார். குழுவின் பெயரில் காசோலை வரும், அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு இருக்காது. இந்த மூன்றுக்கும் முன்கூட்டியே வழி செய்துவிட்டுத்தான் ஒலிப்பதிவுக்குப் போகவேண்டும்.

கீழே சொல்வது 15 நிமிட அத்தியாயங்களாக, நாலைந்து குரல்களோடு, வீட்டு அறையில் பதிவு செய்யப்போகிறவருக்கு.

1. யாருக்காகச் செய்கிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள்

வாங்குபவர்கள் மூன்று வகை. மூவருக்கும் பிரதியும் கணக்கும் கடதாசியும் வேறு வேறு.

வானொலி நிலையங்கள்: இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும், சூரியன், சக்தி போன்ற தனியார் எப்.எம். நிலையங்களும் இதில் அடங்கும். ஒரு பக்கக் கதைச்சுருக்கம், ஒரு முழு அத்தியாயப் பிரதி, மூன்று நிமிட மாதிரி ஒலி ஆகிய மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு நிகழ்ச்சிப் பொறுப்பாளரை அணுகுங்கள். தனியார் நிலையத்தில் கதைக்கு முன்னால் அனுசரணையாளர் யார் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இல்லாமல் கொழும்புக்கு இரவு பஸ் ஏறவேண்டாம். முதலில் மாதிரியை மின்னஞ்சலில் அனுப்பி, நாள் குறித்துக்கொண்டு போங்கள்.

அரச சார்பற்ற நிறுவனங்களும் திணைக்களங்களும்: டெங்கு, நுண்கடன், போதைப்பொருள், சிறுவர் பாதுகாப்பு போன்ற விழிப்புணர்வு நாடகங்கள். யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு நிச்சயமான காசு பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும். ஆனால் விலைமனு, வியாபாரப் பதிவு, வரி இலக்கம், வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பல திட்டங்களின் நிதியாண்டு டிசம்பரோடு முடிவதால் ஒக்டோபர், நவம்பரில்தான் "உடனே வேண்டும்" என்று வருவார்கள். அது இங்கே மாரிமழைக் காலம். தகரக் கூரைக்கோ சீற் கூரைக்கோ கீழே அந்த நாட்களில் பதிவு செய்யமுடியாது. அந்த மாதங்களில் வேலை ஏற்பதானால் கொங்கிறீட் கூரையுள்ள அறை ஒன்றை செப்டெம்பரிலேயே பேசி வையுங்கள்.

சொந்த வெளியீடும் புலம்பெயர்ந்தோர் வானொலிகளும்: உங்கள் விருப்பப்படி எழுதலாம். காசு தாமதமாக வரும், அல்லது வராது. முதல் தொடரை இந்த வழியில் செய்து மாதிரியாக வைத்திருப்பது நல்லது. வருமானமாக இதை மட்டும் நம்பவேண்டாம்.

இந்த மூன்றுக்கும் வெளியே மரண அறிவித்தல், கடை விளம்பரம், திருவிழா அறிவிப்பு என்று குரல் வேலைகள் இருக்கின்றன. நாடகக்காரர் சிலர் இதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். மாத வாடகையைக் கட்டுவது பல இடங்களில் இந்த வேலைதான்.

2. பிரதியைக் காதுக்காக எழுதுங்கள்

நாடக உரையாடலாகத் தமிழை வாசித்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 முதல் 110 சொற்கள் போகும். ஒலிகளுக்கும் இடைவெளிகளுக்கும் இடம் விட்டால் 15 நிமிடத்துக்கு 1,200 சொற்கள் போதும். 1,500ஐத் தாண்டினால் நடிகர்கள் ஓடத் தொடங்குவார்கள். எழுதி முடித்ததும் மணிக்கூட்டை வைத்துச் சத்தமாக வாசியுங்கள். மனத்துக்குள் வாசித்து நேரம் பார்ப்பது எப்போதும் குறைத்துக் காட்டும்.

ஒரு காட்சியில் நாலு குரலுக்கு மேல் வேண்டாம். ஒரே வயது, ஒரே பால், ஒரே சாயல் உள்ள இருவரை அடுத்தடுத்துப் பேசவிட்டால் கேட்பவருக்கு யார் எவரென்று தெரியாது. காட்சி தொடங்கி மூன்று வரிக்குள் இருப்பவர்களின் பெயரோ உறவுமுறையோ வாயில் வந்துவிடவேண்டும். பேசாமல் நிற்கும் பாத்திரம் ஒலியில் இல்லாத பாத்திரம்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது விளக்கத்தை உரையாடலுக்குள் திணிப்பதில். இப்படி:

தங்கை: அண்ணா, கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, சுன்னாகத்தில் உள்ள நம்முடைய வீட்டு வாசலில் பையோடு நிற்கிறீர்களே!

இதையே ஒலியிடம் விட்டுப் பாருங்கள்:

(ஒலி: பஸ் புறப்பட்டுப் போகிறது. பை நிலத்தில் விழுகிறது. படலை கிறீச்சிடுகிறது.)
தங்கை: (தூரத்தில்) ஆரது?
அண்ணன்: நான்தான். இந்தப் படலைக்கு இன்னும் எண்ணெய் விடேல்லையோ?
தங்கை: (ஓடி வந்து) அண்ணை! சொல்லாமக் கொள்ளாம... இரவு முழுக்க பஸ்ஸிலயோ வந்தனீங்கள்?

பயணம், வீடு, உறவு, நெடுநாள் பிரிவு எல்லாம் வந்துவிட்டன. ஊரின் பெயர் பிறகு தானாக வரும்.

பேச்சுமொழியை ஒரே மாதிரி எழுதுங்கள். "வந்தனீங்கள்" என்று ஒரு பக்கத்திலும் "வந்தீங்க" என்று அடுத்த பக்கத்திலும் இருந்தால் நடிகர் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் சொல்லுவார். மலையகத்திலோ மட்டக்களப்பிலோ வளர்ந்த நடிகரிடம் வடமராட்சிப் பேச்சைக் கேட்டு வாங்குவதைவிட, பாத்திரத்தை அவருடைய ஊர்க்காரராக மாற்றுவது சுலபம். கேட்பவர்கள் இந்த ஒரு பிழையை மட்டும் மன்னிக்கமாட்டார்கள்.

காலப் பிழைகளையும் பாருங்கள். 1990இல் நின்ற ரயில் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி வந்தது 2014 ஒக்டோபரில். 2003இல் நடக்கும் கதையில் கோண்டாவிலில் ரயில் கூவினால் ஊர் முழுக்கச் சிரிக்கும். 90களின் நடுப்பகுதியில் இங்கே பெரும்பாலும் மின்சாரம் இல்லை, அந்தக் காலக் கதையில் மின்விசிறிச் சத்தமும் அப்படித்தான்.

பிரதியின் வடிவம்: ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும், 14 புள்ளி எழுத்து, ஒவ்வொரு வசனத்துக்கும் வரிசை எண். வசனம் பக்கத்தின் அடியில் உடைந்து அடுத்த பக்கத்துக்குப் போகக்கூடாது. தாள் புரட்டும் சத்தம் அந்த இடத்தில்தான் விழும். தாள்களைப் பின் அடிக்கவேண்டாம், தனித்தனியாகக் கொடுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தால் அனுப்புவதற்கு முன் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நடிகரின் போனில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

3. வியாபாரப் பதிவு, வரி இலக்கம், வங்கி

நிறுவனங்களிடம் வேலை எடுக்கும் எண்ணம் இருந்தால், முதல் விலைமனுவுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னரே இதைத் தொடங்குங்கள். விலைமனு கோரும் அறிவித்தலுக்கும் முடிவு நாளுக்கும் இடையில் சிலவேளை ஒரு கிழமைதான் இருக்கும். அந்த ஒரு கிழமையில் பதிவு எடுக்கமுடியாது.

தனிநபர் வியாபாரப் பெயர்ப் பதிவுக்கு உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். தேசிய அடையாள அட்டை, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், வியாபாரம் நடக்கும் இடத்துக்கான ஆதாரம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இடம் உங்கள் பெயரில் இல்லையென்றால் வாடகை உடன்படிக்கையோ உரிமையாளரின் சம்மதக் கடிதமோ வேண்டும். சோலைவரிப் பற்றுச்சீட்டின் பிரதியையும் கையில் வைத்திருங்கள். வீட்டுக் காணி வெளிநாட்டில் உள்ள பெரியப்பாவின் பெயரில் இருப்பது இங்கே சாதாரணம். அவரிடம் கடிதம் எடுப்பதுதான் முழு வேலையிலும் நீண்ட தாமதம், ஆகவே அதையே முதலில் தொடங்குங்கள். பதிவுக் கட்டணம் சிறியது. உண்மையான செலவு அலைச்சல்தான். உத்தியோகத்தர் கள வேலைக்குப் போகாத நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடம் கலாமன்றமாகப் பதிவது வேறு விடயம். விழாக்களுக்கும் உதவித்தொகைகளுக்கும் அது பயன்படும். வியாபார விலைமனுவுக்கு அதைக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்தது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி செலுத்துநர் இலக்கம், பேச்சில் 'டின் நம்பர்'. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணமில்லை. இலக்கம் எடுத்தாலே வரி கட்டவேண்டும் என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் பலர். 2025/26 மதிப்பீட்டாண்டில் தனிநபருக்கு ஆண்டுக்கு ரூபா 18 இலட்சம் வரை வரி விலக்கு உண்டு.

பிறகு வங்கி. பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதியோடு போய் வியாபாரப் பெயரில் கணக்கைத் திறவுங்கள். அந்தப் பெயருக்குக் குறுக்குக் கோடிட்ட காசோலை வந்தால் உங்கள் சொந்தச் சேமிப்புக் கணக்கில் போடமுடியாது.

எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது: ஆங்கிலத்தில் பெயர் எழுதும் விதம். தர்சன் என்ற ஒரே பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி இருக்கும். வெளிநாட்டுக் காசு வரும் நாளில் இது வெடிக்கும். இப்போதே எல்லாவற்றையும் அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கு மாற்றுங்கள்.

4. குரல்களும் கையெழுத்துகளும்

குரல் தேட நல்ல இடங்கள்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் ஊடகமும் படிக்கும் மாணவர்கள், திருமறைக் கலாமன்றம் போன்ற அரங்கக் குழுக்கள், க.பொ.த. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியர்கள். மேடை நடிகர்களிடம் ஒரு பழக்கத்தைக் கழற்றவேண்டும். கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசுவார்கள். மைக் உதட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. "பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் கதையுங்கோ" என்று சொன்னால் பெரும்பாலும் சரிவரும். வயதானவர்களின் குரலுக்கு இளைஞரை இழுத்து நடிக்கவிடாமல் உண்மையான வயதானவரைத் தேடுங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்பட்டால் வசனத்தை ஒருவர் சொல்லிக் கொடுக்க, அவர் திருப்பிச் சொல்லலாம். வெட்டி ஒட்டும்போது தெரியாது.

ஒத்திகைக்கு முன்னரே ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். அதில் இருக்கவேண்டியவை: நாடகத்தின் பெயர், பாத்திரம், அத்தியாய எண்ணிக்கை, தரும் தொகை, தரும் நாள், வானொலி–இணையம்–மறு ஒலிபரப்பு எவற்றுக்குச் சம்மதம் என்ற விபரம், குரலைச் செயற்கை நுண்ணறிவுக் குரலாக்கப் பயன்படுத்தமாட்டோம் என்ற வரி, அடையாள அட்டை இலக்கம், திகதி. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவராயின் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திடவேண்டும். சொந்தக்காரர், சிநேகிதர் என்று இதை விடவேண்டாம். ஆறாவது அத்தியாயத்துக்கு முன் கனடாவுக்குப் போய்விடுவதும் அந்தச் சிநேகிதர்தான்.

எழுத்தாளராக உங்கள் பக்கத்தையும் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை எழுதிய கணமே உங்களுக்கு வந்துவிடும், எங்கும் பதியத் தேவையில்லை. ஆகவே 'பதிப்புரிமை பதிந்து தருகிறோம்' என்று காசு கேட்பவர்களிடம் போகவேண்டாம். உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பது எழுத்திலும் கையெழுத்தோடும் இருக்கவேண்டும். ஊழியராக இருந்து எழுதினால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, பொருளாதார உரிமை தொழில் தருநருடையது. இதனால் 'ஆலோசகர்' ஒப்பந்தமா, ஊழியர் ஒப்பந்தமா என்று வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். 'எல்லா உரிமையும், எல்லா ஊடகத்திலும், என்றென்றைக்கும்' என்ற வரி இருந்தால் ஒன்றில் தொகையைக் கூட்டிக் கேளுங்கள், இல்லையென்றால் ஒலிபரப்பு எண்ணிக்கையையும் ஆண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில் மூன்று வரிகளை விட்டுக்கொடுக்கவேண்டாம். பிரதியில் இரண்டு சுற்றுத் திருத்தம் மட்டும் விலைக்குள் அடங்கும். பதிவுக்கு முன் பிரதியின் ஒவ்வொரு பக்கத்திலும் அவர்கள் ஒப்பமிடவேண்டும். ஒப்பமிட்ட பிறகு மாற்றினால் மறுபதிவுக் கட்டணம் இவ்வளவு. விழிப்புணர்வு நாடகங்களில் நட்டம் வருவது அநேகமாக இந்தக் கடைசி இடத்தில். பதிவு முடிந்து ஒலி கேட்ட பிறகுதான் மேலதிகாரி முதன்முதலாகப் பிரதியைப் பார்ப்பார்.

விலையைப் பிரிக்கும் விதம்: ஓர் அத்தியாயத்துக்கு ரூபா 100,000 கேட்கிறீர்கள் என்று வைத்தால் எழுத்துக்கு 25,000, குரல்களுக்கு 30,000, பதிவுக்கும் வெட்டி ஒட்டுவதற்கும் 25,000, போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் 8,000, மறுபதிவுக்கும் எதிர்பாராததற்கும் 12,000. இதைச் சந்தை விலையாக எடுக்கவேண்டாம், விகிதத்தை மட்டும் பாருங்கள். எழுத்துக்கு ஒன்றும் போடாமல் விலை கொடுப்பது புதிய எழுத்தாளர்–தயாரிப்பாளரின் வழமை. பிறகு அந்தத் தொகை எப்போதும் உங்கள் பையிலிருந்துதான் போகும். முற்பணமாக 40 வீதமாவது கேளுங்கள், ஏனென்றால் நடிகர்களுக்குப் பதிவு நாளன்றே கொடுக்கவேண்டும், நிறுவனத்தின் மீதிக் காசு ஒப்படைத்து ஒரு மாதம் கழித்தும் வராமல் இருக்கலாம்.

5. அறை

அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். 'டிங்' என்று ஒரு வால் கேட்டால் அந்த அறை ஆகாது. பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளின் பெரிய மண்டபங்கள் பார்க்க வடிவாக இருக்கும், பதிவுக்கு மோசம். உடுப்பு அலுமாரியும் மெத்தையும் உள்ள சிறிய படுக்கையறையைத் தெரிவு செய்யுங்கள். நடிகரின் முதுகுப் பக்கமும் இரு பக்கமும் தடித்த போர்வைகளைக் கொடியில் தொங்கவிடுங்கள். மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுவதைவிட நடிகருக்குப் பின்னால் தொங்கவிடுவது முக்கியம், ஏனென்றால் மைக் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். முட்டை மட்டைகளைச் சுவரில் ஒட்டுவது வீண் வேலை, வெளிச் சத்தத்தை அது நிறுத்தாது.

வெளிச் சத்தத்துக்கு நேரம்தான் மருந்து. பகலில் தண்ணி மோட்டர், காகம், பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டு. விடியலில் சேவலும் கோயில் ஒலிபெருக்கியும். மார்கழித் திருவெம்பாவை நாட்களில் விடியலை மறந்துவிடுங்கள். இரவு ஒன்பதரைக்குப் பிறகு நள்ளிரவு வரைதான் பெரும்பாலான ஒழுங்கைகளில் நல்ல நேரம், நாய்களைத் தவிர. அரைக் கிலோமீற்றருக்குள் உள்ள கோயில்களின் கொடியேற்ற நாட்களைப் பஞ்சாங்கத்தில் பார்த்து அட்டவணை போடுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாட்கள். அந்த நாட்களில் நல்லூர்ப் பக்கத்தில் சத்தம் மட்டும் பிரச்சினை இல்லை, நடிகர்களும் வரமாட்டார்கள்.

6. கருவிகள்

இப்போது மைக். போர்வை கட்டிய வீட்டு அறைக்கு டைனமிக் வகை மைக்கை வாங்குங்கள். கண்டென்சர் நுணுக்கமாகக் கேட்கும், பக்கத்து வீட்டுப் பிரஷர் குக்கரையும் சேர்த்து. கண்டென்சர்தான் கையில் இருந்தால் மைக்கைக் கணினியோடு இணைத்து 48 வோல்ற் மின்சாரமும் தரும் இடைமுகப் பெட்டி வேண்டும். இரண்டு மைக் உள்ளீடு உள்ள பெட்டி, இரண்டு மைக், உறுதியான தாங்கி, பொப் வடிகட்டி (வாயிலிருந்து அடிக்கும் மூச்சைத் தடுக்கும் திரை), காதை மூடும் ஹெட்ஃபோன், இவ்வளவும் போதும். தாங்கியில் மிச்சம் பிடித்து மைக்கில் செலவழிப்பதை எதிர்மாறாகச் செய்யுங்கள். வாங்கமுன் திருமண ஒலியமைப்புக்காரரிடம் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துச் சோதியுங்கள்.

மென்பொருளில் ஓடாசிற்றி இலவசம். பல தடங்களில் ஒலி அடுக்கும் நாடக வேலைக்கு ரீப்பர் வசதி. 60 நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம், பிறகு சிறு தயாரிப்பாளருக்கான உரிமம் 60 அமெரிக்க டொலர். களவாக இறக்கிய மென்பொருளைப் பாவிக்கவேண்டாம். ஒழுக்கத்தை விடுங்கள், அதோடு வரும் வைரஸ் ஒரு தொடர் முழுவதையும் அழித்துவிடும்.

7. பதிவு நாள்

அமைப்பு: 48 கிலோஹேட்ஸ், 24 பிற், வேவ் கோப்பு. குரலின் உச்சம் −12க்கும் −6 டெசிபெலுக்கும் இடையில் நிற்கட்டும். சிவப்பு விளக்கு எரிந்த வசனத்தைப் பிறகு திருத்தமுடியாது, அப்போதே திரும்ப எடுங்கள். கொஞ்சம் குறைந்த பதிவைக் கூட்டலாம்.

தூரம்: சாதாரணப் பேச்சுக்கு ஒரு சாண். இரகசியத்துக்கு நாலு விரல், மைக்கின் ஓரமாக. கத்துவதற்கு ஒரு முழமும் மேலும், முகத்தைக் கொஞ்சம் திருப்பி. தூரத்திலிருந்து வருகிறவர் உண்மையாகவே பின்னால் போய் நடந்து வரட்டும். கணினியில் செய்யும் 'தூரம்' பொய்யாகக் கேட்கும். இரண்டு மைக் வைத்தால் அவற்றுக்கிடையிலான தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தின் மூன்று மடங்காவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் குரல் இரண்டிலும் விழுந்து குழாய்க்குள் பேசுவதுபோல் இருக்கும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். போன்களை அறைக்கு வெளியே விடுங்கள், அமைதி நிலையில் இருந்தாலும். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றி பற்றரியில் ஓட்டினால் 50 ஹேட்ஸ் 'ம்ம்ம்' இரைச்சல் பெரும்பாலும் போய்விடும், மின்வெட்டு வந்தாலும் பதிவு போகாது. ஏப்ரல், மே மாதங்களில் மூடிய அறையில் அரை மணிக்கு மேல் யாரும் நிற்கமுடியாது. 25 நிமிடம் பதிவு, 10 நிமிடம் கதவு திறப்பு என்று திட்டமிடுங்கள். வேர்த்த கையில் தாள் ஒட்டிச் சத்தம் போடும், துவாய் வையுங்கள். தேத்தண்ணியைப் பாலில்லாமல் கொடுங்கள், பால் குடித்தால் வாயில் பிசுபிசுப்பு நிற்கும்.

ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் யாரும் அசையாமல் 40 விநாடி அறையின் வெறுமையைப் பதியுங்கள். வெட்டிய இடங்களை அடைக்க அதுதான் வேண்டும். பிறகு நினைவுக்கு வரும்போது அறையும் நேரமும் மாறியிருக்கும். கோப்புப் பெயரில் அத்தியாயம், காட்சி, எடுப்பு எண் மூன்றும் இருக்கட்டும், ஆங்கில எழுத்தில். சில மென்பொருள்கள் தமிழ்ப் பெயருள்ள கோப்பைத் திறக்காது. அன்றிரவே இரண்டு வேறு இடங்களில் பிரதி எடுங்கள்.

15 நிமிடத்துக்கு இரண்டு ஒத்திகையும் மூன்று மணி நேரப் பதிவும் போதும். அதைவிட நீண்டால் குரல்கள் களைத்துவிடும்.

8. ஒலிகள்

ஊர் ஒலிகளை நீங்களே பதியுங்கள். இணையத்தில் கிடைக்கும் கிராமத்து ஒலிகளில் வேறு நாட்டுப் பறவைகள் கூவும். படலை, கிணற்று வாளி, காவோலை இழுபடுவது, சைக்கிள் ஸ்ராண்ட் தட்டுவது, தோசைக்கல், இவை ஒரு பின்னேரத்தில் முடியும். அடுப்பு எரிவதற்கு மெல்லிய பொலித்தீன் பையை மைக்குக்குப் பக்கத்தில் மெதுவாகக் கசக்கினால் போதும்.

கடலலை வேண்டுமென்று யாழ் நகரப் பக்கத்துப் பண்ணைக் கரைக்குப் போகவேண்டாம். அது களப்பு, அலை அடிக்காது. பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் போங்கள். வெளியில் பதிகிறபோது மைக்குக்கு மயிருறை கட்டாயம். சோளகம் வீசும் மாதங்களில் உறை இல்லாமல் எடுத்தது முழுக்க 'புடுபுடு' என்றுதான் இருக்கும்.

9. வெட்டி ஒட்டுதல்

முடிந்த ஒரு நிமிடத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள், ஒலி செறிந்த காட்சிக்கு ஒன்றரை. ஒழுங்கு இதுதான்: முதலில் குரல்களை மட்டும் அடுக்கி, இசையும் ஒலியும் இல்லாமலே கதை நிற்கிறதா என்று கேளுங்கள். பிறகு ஒலி. இசை கடைசி. இரைச்சல் நீக்கியைக் கொஞ்சமாகப் பாவியுங்கள், கூடினால் குரல் தண்ணிக்குள் இருந்து வரும்.

இணைய வெளியீட்டுக்கு ஸ்டீரியோவில் −16 லஃப்ஸ் (LUFS, உரப்பை அளக்கும் அலகு) உரப்பும் −1 டெசிபெல் உச்ச எல்லையும் வழமை. வானொலிக்குக் கொடுப்பதானால் அவர்களுடைய அளவைக் கேட்டுச் செய்யுங்கள். முடிந்ததை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டு ஒப்படைக்கவேண்டாம். போன் ஒலிபெருக்கியிலும், ஓடும் ஓட்டோவிலும் கேளுங்கள். இரகசியம் பேசும் காட்சி ஓட்டோவில் விளங்கினால் சரி.

10. இசையும் சட்டமும்

திரைப்படப் பின்னணி இசையைப் பத்து விநாடி பாவித்தாலும் யூரியூப்பின் தானியங்கி கண்டுபிடிக்கும். வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது ஒலி முடக்கப்படும். 'பத்து விநாடி வரை சட்டப்படி பாவிக்கலாம்' என்பது கட்டுக்கதை. ஆக்கியவரே நிபந்தனையோடு பிறர் பாவனைக்கு விடும் கிரியேற்றிவ் கொமன்ஸ் இசையில் 'வர்த்தகமற்ற பாவனை' என்று இருந்தால், காசு வாங்கும் நாடகத்துக்கு அது ஆகாது. பாவித்த ஒவ்வொரு துண்டுக்கும் பெயர், ஆக்கியவர், உரிமம், எடுத்த திகதி, நாடகத்தில் வரும் நிமிடம் என ஒரு இசைப் பட்டியல் எழுதி வையுங்கள். நிலையங்கள் இதைக் கேட்கும்.

பழைய கவிதைகளுக்குக் கணக்கு ஆக்கியவரின் ஆயுளும் 70 ஆண்டும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1953இல் மறைந்தவர், அவருடைய வரிகளை இப்போது பாவிக்கலாம். ஈழத்துக் கவிஞர் மஹாகவி (உருத்திரமூர்த்தி) மறைந்தது 1971இல். 2041 முடியும்வரை குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். வரிக்கு உரிமை தீர்ந்தாலும் அதைப் பாடிய ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு, ஆகவே புதிதாகப் பாடவைத்துப் பதியுங்கள்.

மதம், இனம் தொடும் கதை என்றால் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் மூன்றாம் பிரிவையும் 2024இன் நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டத்தையும் வாசித்துவிட்டு எழுதுங்கள். ஒரு சிறுகதைக்காக 2019இல் சிங்கள எழுத்தாளர் ஒருவர் முதலாவதன் கீழ் கைதானார். புனைகதை என்று முன்குறிப்புப் போடுவது மட்டும் காப்பாற்றாது. ஊரில் எல்லோரும் அடையாளம் காணக்கூடிய ஆளையும் கடையையும் பெயர் மாற்றி வைப்பதும் அப்படித்தான்.

11. ஒப்படைப்பும் வெளியீடும்

வாங்குபவருக்குக் கொடுப்பது: வேவ் கோப்பு, எம்பி3 கோப்பு, ஒப்பமிட்ட பிரதி, இசைப் பட்டியல், சம்மதப் படிவங்களின் பிரதி, விலைப்பட்டியல். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தோ மின்னஞ்சலோ வாங்குங்கள். கொடுப்பனவு நாட்கள் அந்தத் திகதியிலிருந்துதான் ஓடும். தடங்கள் பிரிந்த மூலக் கோப்பை ஒப்பந்தத்தில் இல்லாமல் கொடுக்கவேண்டாம்.

சொந்த வெளியீட்டுக்குப் பொட்காஸ்ற் தளங்களில் 3000க்கு 3000 புள்ளி சதுரப் படம் வேண்டும். தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். தேடுபவர்களில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். மூன்று அத்தியாயம் முடித்து வைத்துக்கொண்டு முதலாவதை வெளியிடுங்கள். ஒன்றை முடித்த உற்சாகத்தில் வெளியிட்ட தொடர்கள் இரண்டோடு நிற்கும்.

12. காசு வரும் வழி

யூரியூப்பில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை. கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும், விளம்பரக் காசைத் தரும் கூகிள் சேவையான அட்சென்ஸ் ஒரு இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பும். ஒழுங்கைப் பெயர் மட்டும் எழுதினால் கடிதம் வராது. வீட்டு இலக்கம், கிராமம், தபால் இலக்கம் மூன்றையும் எழுதி, தபால்காரரிடமும் சொல்லி வையுங்கள். நாலு மாதத்துக்குள் எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நிற்கும். 100 டொலர் சேர்ந்த பிறகுதான் வங்கிக்கு வரும். அமெரிக்க வரிப் படிவமான டபிள்யூ-8 பென்னை நிரப்பாமல் விட்டால் முழு வருமானத்திலும் 24 வீதம் வரை பிடிப்பார்கள்.

புலம்பெயர் நாட்டிலிருந்து பணம் தருபவரிடம் எந்த நாணயம், அனுப்பும் கட்டணம் யாருடையது என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். வங்கிக்கு நேரே அனுப்பச் சொல்லுங்கள். உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் மூலம்) வந்த காசுக்கு வரிக் கணக்கில் காட்ட ஆதாரம் கிடையாது.

உள்ளூர் நிறுவனங்கள் மாதம் ரூபா 100,000ஐத் தாண்டும் சேவைக் கட்டணத்தில் 5 வீதம் நிறுத்திவைத்தல் வரி கழிக்கலாம். கழித்தால் அதற்கான சான்றிதழை அந்த மாதமே கேட்டு வாங்குங்கள். திட்ட உத்தியோகத்தர் மாறிய பிறகு அது கிடைப்பது கடினம். வரி ஆண்டு ஏப்ரல் 1இலிருந்து மார்ச் 31 வரை, வருமான அறிக்கைக்குக் கடைசி நாள் அதற்கடுத்த நவம்பர் 30. நடிகர்களுக்குக் கொடுத்த காசுக்கான கையெழுத்துச் சிட்டைகள், பஸ் ரிக்கற்றுகள், வாடகைப் பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் நாடகத்துக்கு ஒரு உறையாகப் போட்டு, பற்றுச்சீட்டுகளைப் போனில் படமும் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அடித்த பற்றுச்சீட்டு யாழ்ப்பாண வெக்கைக்கு ஒரு வருடம் தாங்காது, வெள்ளையாகிவிடும்.